சும்மா ஒரு கைவேலை

இலங்கைக்குச் சுற்றுலா வருகிறவர்களில் ஒரு வகை இருக்கிறது. ஊசியும் நூலும் கையில் பழகினவர்கள். வருஷம் முழுக்க ஆபீசில் இருந்துவிட்டு இரண்டு வாரம் லீவு எடுத்துக்கொண்டு வருவார்கள். காலியில் பீரளு ரேந்தை பின்னுவதைப் பார்த்து நிற்பார்கள். கண்டியில் பத்திக் துணி வாங்குவார்கள். பெந்தோட்டைக் கரையில் சிப்பி பொறுக்குவார்கள். நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கி நுவரெலியாவில் ரெண்டு நாள் குளிரில் நடுங்குவார்கள். ஊருக்குத் திரும்பின பிறகுதான் விடுமுறையின் ரெண்டாவது பாதி தொடங்கும். பத்திக் துண்டு தலையணை உறையாகும். சிப்பியெல்லாம் கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றி ஒட்டப்படும். தேயிலை மலையின் வரி வரியான பச்சை, துண்டு துண்டாக வெட்டித் தைத்த ஒரு போர்வைக்குள் போய்விடும். ஆறு மாசத்துக்கு இந்தத் தீவு அவர்கள் மடியில் கிடக்கும்.

இதை நக்கலடிக்க நாங்க இதை எழுதவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பொறாமைதான். தோட்டங்களில் இருந்து கலைப்பீடத்துக்கு வந்த நாலைந்து பேர் நாங்க, கொஞ்ச நாளாக இதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்களுடைய டொலரைப் பார்த்தோ விமான டிக்கெட்டைப் பார்த்தோ வருகிற பொறாமை இல்லை இது. ஒரு தலையணை உறையை முடிக்க அந்தப் பெண்மணிக்கு ஆறு மாசம் ஆகலாம். பாதியில் பிடிக்காமல் போனால் எல்லாத்தையும் பிரித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கலாம். தொடங்காமலும் விடலாம். யாரும் தராசோடு வந்து நிற்க மாட்டார்கள். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பெருமூச்சு வருது.

ஏனென்றால் அவர்கள் படம் பிடித்துக்கொண்டு போன அதே மலையில் கை வேறு கணக்கில் ஓடுகிறது.

சில ஹோட்டல்களில் விருந்தாளிகளுக்குச் சேலை கட்டிவிட்டு, தலையில் கூடையை மாட்டிவிட்டு மலைக்குக் கூட்டிப் போவார்கள். ஒரு மணி நேரம் கொழுந்து பறிக்கலாம். நாலு போட்டோ. பிறகு ஸ்டோரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி. பறித்தது கால் கிலோ தேறினால் அதிகம். அவங்களும் சிரிப்பாங்க, பக்கத்து நிரையில் நிற்கிற நம்ம ஆட்களும் சிரிப்பாங்க. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நிரைக்கும் அடுத்த நிரைக்கும் நடுவில் என்ன இருக்கு என்று யாராவது கேட்க வேண்டும் இல்லையா?

கொழுந்து பறிக்கிறது என்றால் என்ன? ரெண்டு இலை, ஒரு குருத்து. முத்தின இலை சேரக்கூடாது. வளர்ச்சி நின்றுபோன வங்கியை ஒடித்து எறிய வேண்டும். மட்டத்துக்குக் கீழே கை போகக்கூடாது, போனால் அடுத்த முறைக்குச் செடி கோணலாகும். உள்ளங்கையில் அமுக்கிப் பிடித்தால் கொழுந்து சூடேறிக் கறுத்துப்போகும். அதனால் நிறையறதுக்குள்ளே தோளுக்குப் பின்னால் வீச வேண்டும், பார்க்காமலே, கூடைக்குள் விழுகிற மாதிரி. காலுக்குக் கீழே சரிவு, கல், வழுக்கல், அட்டை. பழகாத ஆளுக்கு அரை நாளிலேயே விரல் வெடித்துவிடும். இந்த வேலை தெரிந்த ஒருத்தரை உருவாக்க எத்தனை வருஷம் ஆகும் என்று எந்தத் துரையும் கணக்குப் போட்டதில்லை. போட்டால் ‘பயிற்சி தேவையில்லாத வேலை’ என்று எழுதுகிற பழக்கம் நின்றிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், தேயிலைப் பெட்டியில் ‘கையால் பறித்தது’ என்று பெருமையாக அச்சடிக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே வாங்குகிறவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். கைக்கு மதிப்பு பெட்டி மேலே வரைக்கும்தான். 2024 செப்டம்பரில் ஒரு நாளுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அதுக்கும் தோட்டம் கேட்கிற கிலோ வர வேண்டும். ஒரு தோட்டத்தில் 16, இன்னொன்றில் 18, இன்னொன்றில் 20. வராவிட்டால் அரைப்பேர். நாலரை, அஞ்சு கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள் என்பதால், 18 கிலோ பறித்த ஒரு அம்மா ஒரு நாளில் கிட்டத்தட்ட நாலு கிலோ தேயிலையைக் கையால் ஆக்கியிருக்கிறார். அந்த நாலு கிலோ வெளிநாட்டுக் கடையில் என்ன விலை போகும் என்று நீங்களே தேடிப் பாருங்க.

சரி, இது கூலிக்குச் செய்கிற கை. நாங்க பேச வந்தது இன்னொரு கை.

கைவினைக் கண்காட்சி என்று எங்கேயாவது நடந்தால் அங்கே ஒரு வரைபடம் எல்லார் மனசிலும் இருக்கும். காலி என்றால் ரேந்தை. அம்பலாங்கொடை என்றால் முகமூடி. யாழ்ப்பாணம் என்றால் பனையோலை. தும்பறை என்றால் பாய். நுவரெலியா என்றால்? கரட், லீக்ஸ், ஸ்ட்ரோபெரி. மலையகத் தமிழருக்குக் கைவினை என்று ஒன்றும் கிடையாது என்று எங்ககிட்டயே படித்தவங்க சொல்லியிருக்காங்க. சுற்றுலாக் கடைகளில் கொழுந்து பறிக்கிற பொம்மை மட்டும் இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற காந்தத்திலும் அதே பொம்மை. எங்க அம்மா உலகத்தில் எத்தனை பேர் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கிட்டு இருக்காங்களோ! அவங்க செய்த பொருள் ஒன்றுகூட அந்தக் கடையில் இல்லை.

இல்லாததால் அவங்க எதுவும் செய்யவில்லை என்று ஆகாது. படங்கை எடுத்துக்கொள்ளுங்க. இடுப்பில் கட்டுகிறது. ஈரச் செடி தொடையில் உரசாமல் இருக்க, மிலாறு குத்தாமல் இருக்க. முந்திச் சாக்கு, பிறகு தடித்த பொலித்தீன், உரப்பை. இதை ஒவ்வொருத்தரும் தன் உயரத்துக்கும் இடுப்புக்கும் தானே பார்த்து மடித்து, ஓரம் பிரியாமல் தைத்து, முடிச்சு எந்தப் பக்கம் வந்தால் கூடை இடிக்காது என்று யோசித்துச் செய்துகொள்கிறார்கள். மழைக்குத் தலையில் போடுகிற கொங்காணியும் அப்படித்தான். ஒரு சாக்கை இரண்டு மடிப்பில் தொப்பியும் மழைக்கோட்டுமாக மாற்றுவது சின்ன விஷயம் இல்லை. மூங்கில் கூடை குறைந்து நைலோன் பை வந்த பிறகும், தலையில் மாட்டுகிற கயிறு உச்சியை அறுக்காமல் இருக்கப் பழைய சேலைத் துண்டைச் சுற்றித் தைக்கிறது நிற்கவில்லை. அதிலும் சிலர் பூப்போட்ட துண்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். யாருக்காக? மலையில் பின்னால் வருகிற ஆளுக்கு மட்டும்தான் அது தெரியும்.

லயத்துக் காம்பராவுக்குள் வந்தால் இன்னும் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதுக்குள்ளே ஒரு குடும்பம். பழைய கலண்டர் தாளை முக்கோணமாக வெட்டிச் சுருட்டி மணியாக்கிக் கோர்த்த கதவுத் திரை. ஷொப்பிங் பேக்கை வெட்டிச் செய்த ரோசாப்பூ, அதுக்கு இலை வேறு பச்சை பேக்கில். வயரில் பின்னின கூடை. டீவி மேல் விரிக்கிற குரோஷே துணி. டீவி தட்டையாகி அதன் மேல் எதுவும் வைக்க முடியாமல் போன பிறகு அந்தத் துணி சாமிப்படத்துக்கு மேலே போய்விட்டது. கொழும்புப் பக்கம் காமென்ட் வேலைக்குப் போன அக்கா லீவுக்கு வரும்போது கொண்டு வருகிற வெட்டுத் துண்டுகளை முடிச்சுப் போட்டுச் செய்த கால்மிதி. ரெண்டு மூணு பழைய சேலையை அடுக்கி ஓட்டுத் தையல் போட்ட போர்வை. வங்காளத்தில் இதே வேலைக்குக் காந்தா என்று ஒரு பேர் இருக்கிறது, அந்தப் பேரில் உலகம் முழுக்க விற்பனையாகிறது. நம்ம வீட்டில் அதுக்குப் பேர் பழைய போர்வை.

காமன் கூத்தைச் சொல்லாமல் போக முடியாது. மாசியில் காமன் ஊன்றினதில் இருந்து தோட்டத்து இளந்தாரிகள் கை சும்மா இருக்காது. அட்டையும் கண்ணாடித் துண்டும் மினுக்குத் தாளும் சேர்த்து மன்மதனுக்குக் கிரீடம், புஜக்கட்டு, ரதிக்கு மாலை. தப்பைத் தீயில் காய்ச்சிப் பதம் பார்ப்பதும் கைவேலைதான். பகல் முழுக்கக் கவ்வாத்து வெட்டினவங்க ராத்திரி உட்கார்ந்து கிரீடத்துக்குக் கண்ணாடி ஒட்டுவாங்க. கூத்து முடிந்தால் அதை விற்க முடியாது. யாரும் வாங்கவும் மாட்டார்கள். செய்யும்போதே எல்லாருக்கும் தெரியும்.

இதில் அரசாங்கம் எங்கே இருந்தது என்று பார்த்தால் 1964 என்கிற வருஷத்தில் போய் முட்டிக்கொள்கிறோம். நாட்டின் கைவினைகளை வாங்கி விற்று வளர்க்க லக்சல தொடங்கப்பட்டது அந்த வருஷம். பார்பரா சன்சோனி கைத்தறித் துணிகளோடு பேர்ஃபுட்டைத் தொடங்கியதும் அதே வருஷம். நாட்டின் கைகளை நாடு கண்டுகொள்ள ஆரம்பித்த காலம் என்று சொல்லலாம். அதே 1964 ஒக்டோபர் 30இல்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். ஒரு பக்கம் கையை அடையாளமாக்கினார்கள், இன்னொரு பக்கம் ஆளையே பங்கு பிரித்தார்கள். 1948 முதல் குடியுரிமையே இல்லாமல் இருந்த ஒரு சனத்தின் போர்வைத் தையல் தேசியக் கைவினை வரைபடத்தில் எப்படி இடம்பிடிக்கும்? இதில் லக்சலவையோ பேர்ஃபுட்டையோ குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘எங்களுக்குக் கைவினை இல்லை’ என்று சொல்கிறவர்கள் இந்த ரெண்டு 1964ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வரைபடம் மாறாது என்றும் இல்லை. தும்பறைப் பாய் நெய்கிறவர்கள் கின்னர சமூகம். கண்டி இராச்சியத்துச் சாதி அடுக்கில் கீழே தள்ளி வைக்கப்பட்டவர்கள். ஹன என்கிற நார்ச்செடியின் இலையைச் சுரண்டி, நாரெடுத்து, சாயம் காய்ச்சி, தரையில் உட்கார்ந்து நெய்கிறார்கள். அந்தக் கைத்திறனை 2021இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இன்றைக்கு அந்தப் பாயை வாங்கிப் போகிற விருந்தாளி அதைக் காலில் போட்டு மிதிக்க மாட்டார், சுவரில் மாட்டுவார். பெயர் கிடைத்தால் பொருள் தரையில் இருந்து சுவருக்கு ஏறுகிறது.

அப்படியானால் மலையகத்துக்கும் ஒரு கைவினைத் திட்டம் கொண்டு வந்தால் சரியாகிவிடுமா? இங்கேதான் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது.

தோட்டத்துக்குக் கைவேலை வருகிற ஒரே வழி ‘சுயதொழில் பயிற்சி’. நீங்களும் பார்த்திருப்பீங்க. மூன்று நாள் வகுப்பு. மெழுகுதிரி, சவர்க்காரம், துணிப்பூ, தையல். பின்னால் பதாகை, முன்னால் வரிசையாக அம்மாமார், கடைசி நாள் சான்றிதழ், போட்டோ. அதுக்குப் பிறகு மெழுகுதிரியை யாருக்கு விற்கிறது? பக்கத்து லயமும் அதே வகுப்பில்தான் இருந்தது! சில இடத்தில் தையல் மெஷினுக்கு நுண்கடன் கொடுத்தார்கள். கிழமைக்குக் கிழமை தவணை கேட்டு ஆள் வாசலில் வந்து நின்றபோது மெஷின் பழைய சேலையால் மூடி மூலையில் கிடந்தது. சேலைக்கு மடிப்புத் தைத்துப் பழகின கை, கடனுக்குத் தைக்கும்போது நடுங்குகிறது.

எங்களில் ஒருத்தர் சொன்னார், “அப்போ சம்பாதிக்கவே வேண்டாம்னு சொல்றீங்களா?” வேண்டாம் என்று யார் சொன்னது? நல்ல விலைக்கு விற்க முடிந்தால் விற்கட்டும், சந்தோஷம். ஆனால் இந்தப் பயிற்சிகள் எல்லாத்திலும் ஒரு எண்ணம் சொல்லாமலே ஒட்டிக்கொண்டு வருகிறது: தோட்டத்துப் பெண் கையில் நூலை எடுத்தால் அது வருமானமாக வேண்டும். அந்த வெளிநாட்டுப் பெண்மணியிடம் போய், “இந்தத் தலையணை உறையால் உங்கள் வாழ்வாதாரம் எத்தனை சதவீதம் உயர்ந்தது?” என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பைத்தியம் என்பார்கள். அவருக்குக் கைவேலை என்றால் ஓய்வு. எங்க அம்மாவுக்குக் கைவேலை என்றால் ரெண்டாவது வேலை. இதில் உள்ள அநியாயம் சம்பளச் சீட்டில் தெரியாத அநியாயம். அதனால்தான் யாரும் பேசுவதில்லை.

நேரத்தைக் கணக்குப் பாருங்க. காலையில் நாலரைக்கு அடுப்பு. ரொட்டி, சம்பல், பிள்ளைக்குச் சாப்பாடு கட்டுகிறது. சின்னது இருந்தால் பிள்ளைக்காம்பராவில் விட வேண்டும். பெரட்டு. மலை. பகலில் ஒரு நிறுவை, அந்திக்கு மடுவத்தில் இன்னொரு நிறுவை. வருகிற வழியில் விறகு. தண்ணி. ராச்சோறு. ஞாயிற்றுக்கிழமையாவது இருக்கிறதே என்றால் கைக்காசுக்குக் கூப்பிடுவார்கள். போகாமல் இருக்க முடியாது, ஏனென்றால் தீபாவளிக்கு வாங்கின அட்வான்ஸ் மாசாமாசம் வெட்டுப்படுது. மிச்சம் இருப்பது டீவியில் நாடகம் ஓடுகிற முக்கால் மணி நேரம். மேலே சொன்ன பூ, மணித்திரை, போர்வை எல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தில் செய்தவை. அதுவும் பிள்ளைகள் பெரிசானால்தான். ஈபிஎஃப் எடுத்து வேலையை விட்ட அம்மாயிமாருக்கு நேரம் கிடைக்கிறது. அப்போது ஊசியில் நூல் கோர்க்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கு.

“வயித்துக்கே இல்லாதப்ப பூ எதுக்கு?” என்று தொழிற்சங்கம் தெரிந்த ஒரு மாமா எங்களைக் கேட்டார். மரியாதையோடு கேட்டுக்கொண்டோம், ஒத்துக்கொள்ளவில்லை. வயித்துக்கு இல்லாத காலத்திலும் நம்ம ஆட்கள் பூ செய்திருக்கிறார்கள். மாசி வந்தால் கிரீடம் ஒட்டியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பசி தெரியாமலா?

இந்த இடத்தில் கொஞ்சம் தூரம் போய்விட்டு வருவோம். விடுமுறைத் தீவு என்றாலே உலகத்துக்கு முதலில் ஞாபகம் வருவது ஹவாய். பூப்போட்ட சட்டை, கடற்கரை. அந்தத் தீவும் ஒரு காலத்தில் பெருந்தோட்டத் தீவாகத்தான் இருந்தது; அங்கே கரும்பு. 1885இல் இருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஜப்பானியர்கள் போனார்கள். கரும்பு இலையின் ஓரம் கையைக் கிழிக்கும் என்பதால் பெண்கள் ஊரில் இருந்து கொண்டுபோன கிமோனோத் துணியை வெட்டி, முழங்கைக்கு உறை, காலுக்குச் சுற்று, முகத்துக்கு மறைப்பு என்று தாங்களே தைத்துக்கொண்டார்கள். நம்ம படங்கும் கொங்காணியும்தான், வேறு துணியில். கரும்புக்காட்டு ஆட்கள் போட்ட கட்டம் போட்ட தடித்த சட்டைக்கு பலக்கா என்று பேர். இன்றைக்கு அது ஹவாயின் அடையாளம், கடையில் தொங்குகிறது.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் யார் தெரியுமா? பார்பரா கவகாமி. ஜப்பானில் பிறந்து ஹவாயின் கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவர். பல வருஷம் தையல்காரியாக இருந்தவர். ஐம்பது வயசுக்கு மேலேதான் பல்கலைக்கழகம் போனார். தோட்டத்துப் பாட்டிமாரிடம் போய் உட்கார்ந்து, பெட்டிக்கு அடியில் கிடந்த பழைய வேலை உடுப்பை எடுத்துக் காட்டச் சொல்லி, எந்தத் தையல் ஏன் என்று கேட்டு எழுதினார். ஹவாயின் ஜப்பானியக் குடியேறிகளின் உடைகளைப் பற்றிய அந்தப் புத்தகம் 1993இல் வந்தது. தைக்கத் தெரிந்த ஆளாக இருந்ததால்தான் அவருக்கு அந்தக் கேள்விகள் வந்தன என்று நாங்க நினைக்கிறோம். தைக்கத் தெரியாத ஆராய்ச்சியாளர் சம்பளத்தைக் கேட்டிருப்பார், கப்பலைக் கேட்டிருப்பார். முழங்கை உறையின் உள்மடிப்பைக் கேட்டிருக்க மாட்டார்.

படங்கைப் பற்றி அப்படி ஒரு புத்தகம் நமக்கு வேணும். அதை எழுத வேண்டிய ஆள் நம்ம வயசில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் சாக்குப் படங்கு கட்டின கடைசித் தலைமுறை இன்னும் நம்மோடு பேசிக்கொண்டிருக்கிறது. ஹந்தானையில் 1925இல் கட்டின பழைய ஸ்டோரில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. உருளை, அடுப்பு, என்ஜின் எல்லாம் துடைத்துப் பளபளவென்று நிற்கும். ஜேம்ஸ் டெயிலர் ஞாபகமும் உண்டு. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தையே திருத்தி இன்னொரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். 2007இல் சமூக அபிவிருத்தி நிறுவகம் தொடங்கியது. அங்கே இருப்பது ஆட்களின் பொருட்கள்: அவங்க பாவித்த பாத்திரம், கருவி, உடுப்பு, பத்திரம். ரெண்டு இடத்துக்கும் போக ஒரு நாள் போதும். முதலாவதுக்குச் சுற்றுலா பஸ் போகுது. ரெண்டாவதுக்கு நம்ம ஆட்களே நிறையப் பேர் போனதில்லை. ஹனுஷா சோமசுந்தரம், அருள்ராஜ் உலகநாதன் மாதிரியான மலையகக் கலைஞர்கள் தேயிலையையும் தோட்ட வாழ்க்கையையும் கலைக்கூடங்களுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வீட்டுப் போர்வைதான் இன்னும் மூலையில் கிடக்கு.

ஆனால் புத்தகம் எழுதி, அலுமாரியில் வைத்துக் கண்ணாடி மாட்டினால் முடிந்துவிடுகிற கதை இல்லை இது. உயிரோடு இருக்கிற கைக்கு நேரம் வேண்டும். கைக்காசுக்குப் போகாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீட்டில் கழிக்கக்கூடிய சம்பளம் வேண்டும். கிலோவில் கட்டாத ஒரு நாட்பேர் வேண்டும். தோட்டத்து வாசிகசாலையில் கடன் இல்லாத, தவணை இல்லாத ஒரு தையல் மெஷின் இருந்தால் நல்லது. யாரும் எப்போதும் வந்து எதையும் தைக்கலாம், தைத்ததைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கக்கூடாது. இதைக் கேட்டால் பெரிய ஆட்கள் சிரிப்பார்கள். சம்பளத்துக்குப் போராடுகிற இடத்தில் ஓய்வைப் பற்றிப் பேசுவது கொழுப்பு என்று தோன்றும். ஆனால் எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள் மிச்ச நேரத்தையும் சேர்த்துத்தானே கேட்டார்கள்?

கடைசியாகக் கடல். விடுமுறைத் தீவில் பிறந்து கடலைப் பார்க்காத அம்மாயிமார் நம்ம தோட்டங்களில் இருக்காங்க. கொட்டகலையில் இருந்து நிலாவெளிக்குப் போக ஒரு ராத்திரிப் பயணம். பஸ் காசு, சாப்பாடு, ஒரு நாள் பேர் போகிறது, அதுக்கு அடுத்த நாளும் உடம்பு எழும்பாது. அதனால் ‘ட்ரிப்’ என்பது நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை, லயம் முழுக்கக் காசு சேர்த்து, ஸ்பீக்கர் கட்டின பஸ்ஸில். அப்படிப் போய் வந்த வீடுகளைப் பார்த்தால் தெரியும். வாசல் சீமெந்து ஈரமாக இருக்கும்போது பதித்த சிப்பி. பிள்ளையார் மாடத்தைச் சுற்றிச் சோழி. ஊறுகாய்ப் போத்தலில் கடல் மணல், அதுக்கு மேலே ஷொப்பிங் பேக் ரோசா. ஐரோப்பாவில் யாரோ ஒரு பெண்மணி கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டின அதே கரைச் சிப்பியாகக்கூட இருக்கலாம். ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் ஆசைப்பட்டிருக்காங்க.

எங்களில் ரெண்டு பேருடைய தோட்டத்தில் வருகிற ஏப்ரலுக்கு நிலாவெளி ட்ரிப் பேசியாச்சு. பஸ்ஸுக்கு அட்வான்ஸ் கட்டியாச்சு. இளந்தாரிகள் கிரிக்கெட் பந்தும் ஸ்பீக்கரும் பார்த்துக்கொள்கிறார்கள். அம்மாமார் குழு இப்பவே ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்கிறது: கரையில் ஒரு மணி நேரம் தனியாக விட வேண்டும், சமைக்கச் சொல்லக்கூடாது, சிப்பி பொறுக்க ஆளுக்கொரு பை வேண்டும். பைகளை அவங்களே தைத்துக்கொள்வாங்களாம். பழைய படங்குத் துண்டில், தண்ணி ஒழுகாதாம்.